மேலே நந்தவனம், கீழே கலைக்கூடம்

வாஷிங்டன் நகரில், காங்கிரஸ் மாளிகையிலிருந்து வாஷிங்டன் நினைவுத் தூண் வரையில் நீண்டு கிடக்கும் பெரும் புல்வெளியின் தென்பக்கத்தில், ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தின் பழைய தலைமைக் கட்டடம், செம்மணற்கல்லால் எழுந்த கோபுரங்களோடும் கொத்தளங்களோடும், ஊரார் அதற்கு இட்டு வழங்கும் 'காஸில்' என்ற பெயருக்குப் பொருத்தமாகவே நிற்கிறது. அதன் பின்னே 4.2 ஏக்கர் பரப்பில் ஒரு நந்தவனம். நடுவில், விக்டோரியா மகாராணி காலத்துப் பாணியில் வண்ணச் செடிகளை ஜமக்காளம் விரித்தாற்போல நட்டு வளர்த்த 144 அடி நீளப் பூம்பாத்தி. கிழக்கே, கிரானடா நகரத்து அல்ஹாம்பிரா அரண்மனையை நினைவூட்டும் நீரூற்று. மேற்கே, பீகிங் நகரத்துச் சொர்க்கக் கோயிலின் அமைப்பைத் தழுவிய வட்ட வாயில்களும் நீர்ப்பரப்பும். மதிய உணவுப் பொட்டலத்தோடு வந்து அங்குள்ள பெஞ்சுகளில் அமரும் உத்தியோகஸ்தர்களில் எத்தனை பேர், தாம் அமர்ந்திருப்பது நிலத்தின்மீது அன்று, ஒரு கூரையின்மீது என்பதை எண்ணிப் பார்ப்பார்கள் என்பது சந்தேகமே. அந்தக் கூரையின் கீழே மூன்று அடுக்குகளாக, ஏறக்குறைய 57 அடி ஆழம் வரையில், ஆசியக் கலைக்கென ஒன்றும் ஆப்பிரிக்கக் கலைக்கென ஒன்றுமாக இரண்டு கலைக்கூடங்களும், சொற்பொழிவு மண்டபம், வகுப்பறைகள், அலுவலகங்கள் முதலியவை அடங்கிய ஒரு நிலையமும் இருக்கின்றன. கட்டடத்தில் நூற்றுக்கு 96 பங்கு பூமிக்குள்ளே. வெளியே தலைகாட்டுவன நுழைவு மண்டபங்கள் மட்டுமே.

குவாட்ராங்கிள் என்று வழங்கும் இந்தக் கட்டடம் 1987-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இதனை அமைக்கத் திட்டமிட்டவர்கள் எவ்வாறு யோசித்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது, கொடுத்தவர்கள் எதற்காகக் கொடுத்தார்கள், எதற்கு ஒருவரும் கொடுக்க முன்வரவில்லை என்பவற்றைச் சற்று நிதானமாக ஆராய்வது, பொருட்காட்சிச் சாலைகளை விஸ்தரிக்க நினைக்கும் எந்த நாட்டுக்கும் பயன்படக்கூடிய விஷயம். பூமிக்கடியில் கட்டுவோர் மேலே இருக்கும் தோட்டத்தைக் கட்டடத்தின் அலங்காரம் என்று கருதிக் கணக்கெழுதுகிறார்கள். உண்மையிலோ அத்தோட்டம், காலவரை குறித்து வாங்கிய கடன் போன்றது என்பது என் அபிப்பிராயம்.

ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனமே ஒரு தனி மனிதரின் மரண சாசனத்தில் பிறந்தது. ஜேம்ஸ் ஸ்மித்ஸன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் அமெரிக்க மண்ணில் கால் வைத்திராதவர், அறிவைப் பெருக்கவும் பரப்பவும் வாஷிங்டனில் ஒரு ஸ்தாபனம் அமைக்கவேண்டும் என்று எழுதிவைத்துப் போன சொத்து 5 லட்சம் டாலருக்குச் சற்று மேற்பட்டது. அதை ஏற்பதா வேண்டாமா, ஏற்றால் என்ன செய்வது என்று காங்கிரஸ் பல ஆண்டுகள் விவாதித்து, கடைசியில் 1846-இல் ஸ்தாபனத்தை நிறுவியது. தனியார் தானமும் அரசாங்கத்தின் கஜானாவும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் வழக்கம் அங்கே அப்போதே வேர்கொண்டுவிட்டது.

குவாட்ராங்கிளின் விதையும் ஒரு சாசனத்திலேதான் கிடந்தது. ரயில் பெட்டிகள் செய்து பெரும்பொருள் ஈட்டிய டெட்ராயிட் நகரத்துச் சார்லஸ் லாங் ஃபிரீயர், தாம் சேர்த்த ஆசியக் கலைப்பொருள்களையும் அமெரிக்கச் சித்திரங்களையும், அவற்றை வைப்பதற்கு ஒரு கட்டடம் எழுப்புவதற்கான பணத்தையும் தேசத்துக்கு அளித்தார். 1906-இல் ஏற்கப்பட்ட அந்தத் தானம், 1923-இல் காஸிலுக்குத் தென்மேற்கே ஃபிரீயர் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. ஆனால் அவர் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை: அங்குள்ள பொருள் எதுவும் வெளியே இரவலாகப் போகக்கூடாது, வெளிப்பொருள் எதுவும் உள்ளே காட்சிக்கு வரக்கூடாது. ஆசியப் பொருள்களை விலைக்கு வாங்கிச் சேர்க்க மட்டும் பிற்சேர்க்கை ஒன்றால் இடம் கொடுத்திருந்தார். செம்பியன் மாதேவியின் உருவம் என்று அறிஞர்கள் பலர் கருதும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனி 1929-இல் அங்கே போய்ச் சேர்ந்தது அந்த வழியால்தான். இவ்வாறு, உலகத்தின் தலைசிறந்த ஆசியக் கலைத் தொகுதிகளில் ஒன்றை வைத்திருந்தும், பிற நாட்டுக் கலைக்கூடங்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ள இயலாமல், ஒரு தற்காலிகக் கண்காட்சியைக்கூட நடத்த வழியின்றி அந்தக் கூடம் தன் சாசனத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது. சாசனத்தை மீற முடியாது. ஆகவே பக்கத்திலேயே சாசனத்துக்கு உட்படாத இன்னொரு கூடம் வேண்டியிருந்தது.

ஆப்பிரிக்கக் கலைக்கூடத்தின் தேவை வேறு வகையானது. வாரன் ராபின்ஸ் என்பவர் 1964-இல், அடிமை விலங்கறுத்து எழுந்த பெருந்தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் ஒரு காலத்தில் வாழ்ந்த வீட்டில் அதனைத் தொடங்கினார். 1979-இல் அது ஸ்மித்ஸோனியனோடு சேர்ந்தபோது, தேசிய ஸ்தாபனமாகிவிட்ட பிறகும் வரிசை வீடுகளுக்குள் நெருங்கிக் கிடக்கும் நிலையில் இருந்தது.

இரண்டுக்கும் இடம் எங்கே என்ற கேள்விக்குக் காஸிலின் கொல்லைப்புறம் விடையாயிற்று. அந்தக் கொல்லைப்புறத்தின் பூர்வ கதை வேடிக்கையானது. 1880-களின் பிற்பகுதியில், அழிந்துகொண்டிருந்த அமெரிக்கக் காட்டெருமைகள் சிலவற்றை அங்கே கொட்டிலில் கட்டி வைத்திருந்தார்கள். பிற்காலத்துத் தேசிய மிருகக்காட்சி சாலைக்கு அதுவே ஆரம்பம். பிறகு சூரியனை ஆராயும் வானநூற் கூடம் ஒன்று வந்தது. ஆகாய விமானங்களை வைத்த தகரக் கொட்டகை வந்தது. இறுதியில் கார்கள் நிறுத்தும் இடமாயிற்று. எனினும் மேற்கே ஃபிரீயர், கிழக்கே 1881-ஆம் ஆண்டுக் கலை-தொழிற் கட்டடம், வடக்கே காஸில் என மூன்று புறமும் சரித்திரப் பெருமை வாய்ந்த கட்டடங்கள் சூழ்ந்திருந்தமையால், அவற்றை மறைத்து நான்காவதாக ஒரு மாளிகை எழுப்ப நுண்கலைக் கமிஷனும் தலைநகரத் திட்டக் கமிஷனும் ஒருநாளும் இசையமாட்டா என்பது வெளிப்படை. மேலே எழ இடமில்லை. பக்கத்தில் விரிய வழியில்லை. ஆகவே கீழே இறங்குவதொன்றே மிஞ்சியது.

இந்த யோசனைக்கு உயிர் கொடுத்தவர் 1964 முதல் 1984 வரையில் ஸ்தாபனத்தின் செயலாளராக இருந்த டில்லன் ரிப்ளி. அவர் பறவை நூல் வல்லுநர். நம் சலீம் அலியோடு சேர்ந்து இந்தியா, பாகிஸ்தான் பறவைகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதியவர். உலக யுத்தத்தின்போது இலங்கையில் அமெரிக்க உளவுத் துறைப் பணியில் இருந்தவர். ஆசியாவை நேரில் அறிந்திருந்த அவருக்கு, ஆசியாவும் ஆப்பிரிக்காவும் தலைநகரின் நடுவில் ஐரோப்பாவுக்குச் சமமான ஆசனத்தில் வீற்றிருக்கவேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. ஆரம்ப வடிவத்தை ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஜூன்ஸோ யோஷிமுரா அளித்தார். அதை வளர்த்து முடித்தவர் பாஸ்டன் நகரத்து நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த ஷான் பால் கார்லியான்.

கார்லியானுடைய வேலையில் ஒரு நுட்பம் உண்டு. மேற்கே ஆசியக் கூடத்தின் நுழைவு மண்டபத்துக்குக் கூர்நுனிக் கூரைகள் ஆறு. கிழக்கே ஆப்பிரிக்கக் கூடத்தின் மண்டபத்துக்குக் குவிமாடங்கள் ஆறு. கூர்நுனிகள் தமக்கு அருகிலுள்ள ஃபிரீயரை நோக்காமல், எதிர்க்கரையில் நிற்கும் கலை-தொழிற் கட்டடத்தின் முகடுகளை எதிரொலிக்கின்றன. குவிமாடங்களோ எதிர்ப்புறத்து ஃபிரீயரின் வளைவுகளைப் பிரதிபலிக்கின்றன. இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக நான்கு கட்டடங்களையும் உறவுபடுத்திவிட்டு, மூன்றாவது நிலையத்துக்கு மட்டும், ஹம்ஃப்ரி ரெப்டன் என்ற பழைய ஆங்கிலத் தோட்டக் கலைஞரின் கற்பனையைத் தழுவி, செப்புக் கூரை போட்ட சிறு வட்ட மண்டபம் ஒன்றை வைத்தார். உள்ளே இறங்கி நீண்ட கூடத்தின் கோடிக்குப் போனால், பாழடைந்த வளைவொன்றின் வழியே மேலேயுள்ள கட்டடம் தெரிவதுபோல ரிச்சர்ட் ஹாஸ் தீட்டிய பெருஞ்சித்திரம் சுவரை நிறைத்து நிற்கிறது. ஜன்னல் வைக்க முடியாத இடத்தில் ஜன்னலை வரைந்து வைத்தார்கள். மனிதர் எத்தனை ஆழத்துக்குப் போனாலும் வெளியே பார்க்கவேண்டும் என்ற ஆசை விடுவதில்லை போலும்!

இனிப் பணத்தைப் பார்ப்போம். மொத்தச் செலவு ஏறக்குறைய 7 கோடியே 32 லட்சம் டாலர். அதில் ஒரு பாதியைத்தான் காங்கிரஸ் கொடுக்கும், மறுபாதியை ஸ்தாபனம் வெளியிலிருந்து திரட்டவேண்டும் என்பது ஏற்பாடு. இந்த ஏற்பாடு நியாயமானதுபோலத் தோன்றினாலும், அதன் விளைவைக் கவனிக்கவேண்டும். பாதிப் பணத்துக்காகக் கொடையாளிகளை நாடிப் போகிறவன், அவர்கள் எதைக் கண்டு கொடுப்பார்களோ அதைக் காட்டியாகவேண்டும். மாளிகையாக இருந்தால் முகப்பைக் காட்டலாம். இதுவோ முகப்பே இல்லாத கட்டடம். கூடங்களுக்குப் பெயர் சூட்டும் உரிமையும், பெயரைப் பொறிக்கத்தக்க நுழைவு மண்டபங்களும், வெளிநாட்டு அரசாங்கங்களுக்குத் தங்கள் கலாசாரம் அமெரிக்கத் தலைநகரில் இடம்பெறுகிறது என்ற பெருமையும் முன்வைக்கப்பட்டன. ஜப்பான், கொரியா, சவூதி அரேபியா முதலிய நாடுகளிலிருந்து பணம் வந்தது. மருத்துவரும் மருந்து விளம்பரத் துறையில் செல்வம் குவித்தவருமான ஆர்தர் ஸாக்லர், 1982-இல் சுமார் ஆயிரம் ஆசியக் கலைப்பொருள்களையும் கட்டடத்துக்கென 40 லட்சம் டாலரையும் அளிக்க முன்வந்தார். ஆசியக் கூடம் அவர் பெயரைப் பெற்றது. 1983 ஜூன் 21-இல், அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த ஜார்ஜ் புஷ்ஷின் முன்னிலையில் மண்வெட்டு விழா நடந்தது. 1987 செப்டம்பர் 28-இல் கூடங்கள் திறக்கப்பட்டபோது ஸாக்லர் உயிரோடில்லை. நான்கு மாதங்களுக்கு முன்பு காலமாகிவிட்டார்.

நந்தவனத்தின் கதைதான் இதில் மிகச் சுவையானது. பத்திரிகாசிரியராக இருந்தவரும் தோட்டங்களுக்கென்றே தம் செல்வத்தைத் தாராளமாக வழங்கியவருமான ஈனிட் ஹாப்ட் அம்மையாரிடம், அங்கே அமையவிருந்த சிறியதொரு ஜப்பானியத் தோட்டத்துக்கு உதவுமாறு ரிப்ளி கேட்கப் போனாராம். ஒரு மூலைக்குக் கொடுப்பதில் தமக்கு விருப்பமில்லை, கொடுத்தால் தோட்டம் முழுவதற்கும் கொடுப்பேன் என்று அம்மையார் சொல்லிவிட்டதாகச் சொல்வார்கள். அப்படியே, நந்தவனத்தை அமைக்கவும் தொடர்ந்து பராமரிக்கவுமாக 30 லட்சம் டாலர் கொடுத்தார். 1987 மே மாதத்தில், கூடங்களுக்கு முன்பாகவே, நந்தவனம் அவர் பெயரால் திறக்கப்பட்டது. கட்டடச் செலவோடு வைத்துப் பார்த்தால் அவர் கொடுத்தது நூற்றுக்கு நான்கு பங்கு. கட்டடத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியும் நூற்றுக்கு நான்கு பங்குதான். தற்செயலாக அமைந்த ஒற்றுமையே. ஆனால் பொதுமக்களின் அன்பு முழுவதும் அந்த நான்கு பங்கின்மீதே போய்க் குவிந்தது.

அம்மையாரின் நிதி செடிகளைக் காப்பாற்றும். செடிகளுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே கிடப்பதை யார் காப்பாற்றுவது? ஒரு கன மீட்டர் நனைந்த மண் ஏறக்குறைய 2 டன் எடை. மரம் வேர்விட வேண்டுமானால் மண் ஆழமாக இருக்கவேண்டும். ஆழம் கூடக் கூடக் கீழே தூணும் உத்தரமும் பருத்துக்கொண்டே போகும். மழை பெய்தாலும் செடிக்கு நீர் பாய்ச்சினாலும் அந்த ஈரம் கூரையின்மேல் தங்கும்; தங்கினால் என்றாவது ஒருநாள் கசியும். சாதாரண மாடியில் ஒழுகினால் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒழுகும் இடத்தைக் காட்டிவிடலாம். இங்கே ஒழுகும் இடத்தைக் காண்பதற்கே பூம்பாத்தியையும் நடைபாதையையும் பல அடி மண்ணையும் அகற்றியாகவேண்டும். நீரைத் தடுக்கக் கூரைமேல் விரிக்கும் படலமோ சில பத்தாண்டுகளே உழைக்கும் பொருள். தோட்டம் முதிர்ந்து, மாக்னோலியா மரங்கள் நிழல்பரப்பி, மக்கள் அதைத் தங்கள் பிதுரார்ஜிதம் என்று எண்ணத் தொடங்கும் சமயத்தில்தான் படலத்தின் ஆயுள் முடிகிறது. கீழே இருப்பவையோ துளி ஈரமும் தாங்காத பட்டுத் திரைகளும் மரச் சிற்பங்களும் ஏடுகளும்.

இதே பிரச்சினையை ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் நகரத்து ஷ்டேடல் கலைக்கூடத்தார் வேறு விதமாக அணுகினார்கள். யோஹான் ஃபிரீட்ரிஹ் ஷ்டேடல் என்ற வணிகரின் 1815-ஆம் ஆண்டுச் சாசனத்தால் தோன்றிய அந்தக் கூடம், 2012-இல் தன் தோட்டத்தின் கீழே 3,000 சதுர மீட்டர் பரப்புள்ள மண்டபத்தைத் திறந்தது. அங்கே தோட்டம் வெளிச்சத்தை மறைக்கும் மூடியாக இல்லை. புல்தரை நடுவே மெல்ல உப்பி எழ, அதில் 195 வட்டக் கண்ணாடிகள் பதிக்கப்பட்டு, பகலில் சூரிய ஒளி கீழே இறங்குகிறது, இரவில் கீழுள்ள விளக்கொளி மேலே ஏறுகிறது. பழைய கட்டடத்தைப் புதுப்பித்ததையும் சேர்த்து 5 கோடியே 20 லட்சம் யூரோ ஆயிற்று; அதில் பாதி தனியார் கொடை. பெருங் கொடையாளிகளோடு நில்லாமல், மஞ்சள் நிற ரப்பர் பூட்ஸ்களை விற்றுங்கூட ஊராரிடம் பணம் திரட்டினார்கள். வேலை நடந்த காலத்தில் அந்தப் பூட்ஸே ஃபிராங்ஃபர்ட்டில் ஓர் அடையாளமாகிவிட்டது. தோண்டுவதையே ஊர்த் திருவிழாவாக்கிய அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து போவதற்குப் பணம் கேட்பவர்கள், அது மறையும் காலத்தையே மக்கள் காணும்படி செய்தார்கள். ஆனால் 195 கண்ணாடிகளென்றால் நீர் புகக்கூடிய விளிம்புகளும் 195 என்பதை வருங்காலத்து அதிகாரிகள் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

வாஷிங்டனில் அந்த வருங்காலம் விரைவாகவே வந்துவிட்டது. 2014 நவம்பரில் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனம், டென்மார்க்கைச் சேர்ந்த பியார்க்கெ இங்கெல்ஸின் நிறுவனத்தைக் கொண்டு வகுத்த, காஸிலையும் அதன் சுற்றுப்புறத்தையும் புதுப்பிக்கும் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. மதிப்பீடு 200 கோடி டாலர். குவாட்ராங்கிளின் கூரை கசிகிறது, படலத்தை மாற்றவேண்டும், மாற்றுவதானால் நந்தவனத்தை எடுத்தாகவேண்டும், எப்படியும் எடுக்கப்போகிற ஒன்றை ஏன் பழையபடியே திரும்ப வைக்கவேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் உட்கிடை. புல்தரையின் மூலைகளை மேலே தூக்கி, அந்த இடைவெளியால் கீழுள்ள கூடங்களுக்கு ஒளியையும் வாயிலையும் கொடுக்கும் புது அமைப்பைச் சித்திரமாகக் காட்டினார்கள். ஊரில் பெரும் ஆட்சேபம் எழுந்தது. முப்பது வயதுகூட நிரம்பாத அத்தோட்டத்தை மக்கள் புராதனச் சின்னத்தைப்போலப் பாதுகாக்க முன்வந்தார்கள். கண்டனக் கட்டுரைகள் வந்தன, மனுக்களில் கையெழுத்துகள் சேர்ந்தன. இறுதியில் நந்தவனத்தின் குணத்தை நிலைநிறுத்தும் வகையில் திட்டம் திருத்தப்பட்டு, 2018 ஜூன் மாதத்தில் தலைநகரத் திட்டக் கமிஷனின் சம்மதத்தைப் பெற்றது.

இந்த வழக்கில் இரு கட்சியாரிடமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் குறை முதற் கணக்கிலேயே இருந்தது என்பதே என் முடிவு. தர்மம் செய்கிறவன் தர்மத்தின் தொடர்ச்சிக்கும் வழி செய்யவேண்டும் என்பது நம் நாட்டார் நன்கு அறிந்திருந்த நெறி. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு நிவந்தம் வைத்தவன் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 90 அல்லது 96 ஆடுகளை இடையர் பொறுப்பில் விட்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கச் செய்து, பெருகுகிற ஆடு இறக்கிற ஆட்டை ஈடுசெய்யும் என்ற கணக்கில் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் எழுதிவைத்தான். செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கியபோது, பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கச் செய்தார்; ஜீரணோத்தாரணம் நடக்கும்போது முன்னோர் நிவந்தங்கள் மறைந்துபோகாதிருக்க வேண்டும் என்ற கவலை அது. அவருடையதெனக் கருதப்படும் திருமேனி, அந்த நந்தவனத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. ஹாப்ட் அம்மையார் தோட்டத்தின் பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுத்ததால் அவர் இந்த நெறியில் பாதி தூரம் வந்தவர். கூரைக்கென ஒருவர் பேராடு விட்டிருந்தால் 2014-இல் அத்தனை சச்சரவு எழுந்திராது.

கொடைக்குக் கைம்மாறாகப் பெயர் சூட்டியதும் பின்னால் சங்கடமாயிற்று. ஆர்தர் ஸாக்லர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அவருடைய சகோதரர்களின் குடும்பத்தார் நடத்திய மருந்துக் கம்பெனி, வலிநீக்கி மருந்தொன்றால் விளைந்த கேடுகளுக்காகப் பழிக்கப்பட்டபோது, அந்தப் பெயரை நீக்கவேண்டும் என்ற கோரிக்கை செனட் சபை அங்கத்தினர் ஒருவரிடமிருந்தே வந்தது. ஒப்பந்தப்படி பெயரை எடுக்க இயலாது என்று ஸ்தாபனம் தெரிவித்தது. 2019 டிசம்பரில் ஃபிரீயர், ஸாக்லர் ஆகிய இரண்டு கூடங்களையும் சேர்த்து 'தேசிய ஆசியக் கலைக்கூடம்' என்ற பொதுப்பெயரை முன்னிறுத்தியது. ஃபிரீயரின் நிபந்தனையிலிருந்து தப்புவதற்காகக் கட்டிய கூடமே இன்னொரு நிபந்தனைக்குள் சிக்கிக்கொண்டது.

காஸில் 2023 பிப்ரவரியில் மூடப்பட்டது. புதுப்பிக்க ஐந்து ஆண்டுகள் ஆகும் என்று அறிவித்தார்கள். 2018-இல் சம்மதம் பெற்ற அந்தத் தென்வளாகத் திட்டம் பல கட்டங்களாக, பல ஆண்டுகளுக்கு நீளும் வகையில் வகுக்கப்பட்டிருக்கிறது. குவாட்ராங்கிளின் கூரைப் படலத்தை மாற்றுவதும் அதில் அடங்கும். கூரையைத் திறக்கும் நாள் வரும்போது ஸ்தாபனத்தார் மறுபடியும் காங்கிரஸிடமும் கொடையாளிகளிடமும் போகவேண்டியிருக்கும். முன்பு அவர்கள் கையில் காட்டுவதற்கு ஆசியாவும் ஆப்பிரிக்காவும் ஒரு நந்தவனமும் இருந்தன. இம்முறை கேட்கவேண்டியது, மண்ணை எடுத்து, படலத்தை விரித்து, அதே மண்ணைத் திரும்ப இட்டு, அதே பூம்பாத்தியை மறுபடி நடுவதற்கான பணம்.